ஆயிரம் பேருக்கு உரிய ஒரே பண்ணை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பால் பவுடர் ஏற்றுமதி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நில அறக்கட்டளைகள் சில ஒன்று சேர்ந்து ஒரு பால் தொழிற்சாலையை நடத்துகின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சென்னை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், இந்த வாரப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

மாதவரம் வாசகர்: எங்கள் பகுதியில் ஆவின் பால் பண்ணை இருக்கிறது. மாவோரி அறக்கட்டளையும் அதுபோன்ற கூட்டுறவு அமைப்புதானா?

இல்லை, இரண்டுக்கும் அடிப்படையே வேறு. ஆவினுக்குப் பால் தரும் சங்கத்தின் உறுப்பினர் மாட்டுக்குச் சொந்தக்காரர். காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார். ஊற்றிய அளவுக்கும் அதன் சத்துக்கும் ஏற்பப் பணம் பெறுகிறார். மாவோரி நில அறக்கட்டளையின் உரிமையாளரோ ஒரு மாட்டையும் கறந்தறியாத பள்ளி ஆசிரியராகவோ லாரி ஓட்டுநராகவோ இருக்கலாம். அவருக்கு இருப்பது முன்னோர் வழியாக இறங்கி வந்த நிலப் பங்கு. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே பங்கின் அளவு இருக்குமே தவிர, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை என்னுடையது என்று அவரால் காட்ட முடியாது.

இப்படிப் பங்குடையவர்கள் ஒரு நிலத்துக்குச் சில நூறு பேர், சில இடங்களில் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரும் கையெழுத்திட்டுத்தான் வேலி போட வேண்டும் என்றால் வேலியே போட முடியாது. ஆகவே நிர்வாகத்தை ஒரு அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்கிறார்கள். உரிமையாளர்கள் கூட்டத்தில் பெயர்களை முன்மொழிய, மாவோரி நில நீதிமன்றம் என்ற தனி நீதிமன்றம் அவர்களை நியமிக்கிறது; கடமை தவறியவர்களை நீக்கும் அதிகாரமும் அதற்கே உண்டு. 1993-ஆம் ஆண்டின் மாவோரி நிலச் சட்டத்தில் இவ்வகை அமைப்புக்கு ‘அஹு ஃபெனுவா அறக்கட்டளை’ என்று பெயர். அறக்கட்டளை என்றவுடன் அன்னதானத்தையும் கல்வி உதவியையும் மட்டும் நினைக்க வேண்டாம். இது லாபத்துக்காகப் பண்ணை நடத்தி, பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கணக்குக் காட்டும் அமைப்பு. இதற்கு இணையாக, ஏறத்தாழ ஒரு கம்பெனியைப் போலவே இயங்கும் ‘இன்கார்ப்பரேஷன்’ என்ற வடிவமும் மாவோரி நிலத்தில் உண்டு. கீழே வரும் பெயர்களில் சில அந்த வகையைச் சேர்ந்தவை. வேறுபாடு வழக்கறிஞர்களுக்கே முக்கியம் என்பதால் அதைக் கடந்து போகலாம்.

இன்று மாவோரி நிலம் என்ற சட்ட வகைக்குள் இருப்பது சுமார் 14 லட்சம் ஹெக்டேர். நாட்டின் மொத்தப் பரப்பில் இது 20-இல் ஒரு பங்கைச் சற்றே தாண்டும்.

மயிலாப்பூர் வாசகர்: முழு நாட்டுக்கும் உரிமையாளராக இருந்த மக்கள், எஞ்சிய நிலத்தை வைத்துக்கொள்ள அறக்கட்டளை தொடங்கும் நிலைக்கு எப்படி வந்தார்கள்? போரில் தோற்றதாலா?

போர் ஒரு காரணம். ஆனால் போரைவிட நீதிமன்றம் பறித்தது அதிகம்.

1840 பிப்ரவரி 6 அன்று வைட்டாங்கியில் மாவோரித் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசிக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தம், நிலமும் காடும் மீன்பிடி இடங்களும் அவர்கள் வைத்துக்கொள்ள விரும்பும்வரை அவர்களுடையதே என்று உறுதி அளித்தது. விற்பதானால் அரசுக்கே விற்க வேண்டும் என்றும் சொன்னது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நடந்தது, பழங்குடிகளுக்கு விவசாயம் கற்றுக்கொடுத்தோம் என்று பின்னாளில் பேசியவர்கள் மறைத்துவிட்ட வரலாறு. வைக்காட்டோ பகுதியின் ரங்கியாஓஃபியா போன்ற ஊர்களில் மாவோரிகள் கோதுமை விதைத்தார்கள், தண்ணீரால் சுழலும் மாவு ஆலைகளைச் சொந்தமாகக் கட்டினார்கள், தங்கள் பாய்மரக் கப்பல்களில் ஆக்லாந்துக்குத் தானியம் கொண்டுவந்தார்கள். ஆக்லாந்து நகரம் அந்த நாளில் அவர்கள் விளைவித்ததை உண்டு வாழ்ந்தது. ஆஸ்திரேலியத் தங்க வயல்களுக்கும் சரக்கு போயிற்று. 1856-இல் விலை சரிந்தது அவர்களுக்குப் பெரிய அடி. 1863-இல் குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றி, ‘கலகம்’ செய்த குலங்களின் நிலத்தை அரசு பறிமுதல் செய்யத் தொடங்கியபோது, வைக்காட்டோவில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் போயிற்று. மறுஆண்டு பிப்ரவரியில் படை புகுந்த ஊர்களில் ரங்கியாஓஃபியாவும் ஒன்று.

போரில் சேராத குலங்கள், ஏன், அரசுப் பக்கம் நின்ற குலங்கள்கூட நிலம் இழந்தது எப்படி என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். 1862, 1865 ஆண்டுகளின் சட்டங்களால் நிறுவப்பட்ட பூர்வகுடி நில நீதிமன்றத்தின் வேலை, குலத்துக்குப் பொதுவாக இருந்த உரிமையைத் தனியாட்களின் பத்திரமாக மாற்றுவது. 1865 சட்டத்தின்படி 5,000 ஏக்கருக்குக் குறைவான நிலமானால் அதிகபட்சம் பத்துப் பேர் பெயரில்தான் பத்திரம். குலத்தார் அந்தப் பத்துப் பேரைத் தங்கள் பிரதிநிதிகள் என்று நினைத்து அனுப்பினார்கள். சட்டமோ அவர்களையே முழு உரிமையாளர்களாக ஆக்கியது. அவர்கள் விற்றால் மற்றவர்கள் கேட்க வழியில்லை. விசாரணை நடந்த ஊர்களில் வாரக்கணக்கில் தங்கிக் காத்திருந்தவர்கள் கடைக்காரரிடம் கடன்பட்டார்கள். நிலத்தை அளந்ததற்கான கட்டணமும் நிலத்தின் தலையில் ஏறியது. தீர்ப்பு வந்த கையோடு கடனுக்காக நிலம் போயிற்று.

பத்துப் பேர் முறை அநியாயம் என்று கூக்குரல் எழுந்ததால், 1873-இல் எல்லா உரிமையாளரின் பெயரையும் எழுத வேண்டும் என்று மாற்றினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் தம் பங்கைத் தனியாக விற்கலாம் என்ற வாசல் அதிலும் திறந்தே இருந்தது. உரிமையாளர் இறந்தால் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கு பிரியும் என்பது நீதிமன்றத்தின் வாரிசு விதி. மூன்று தலைமுறை கழிந்தபோது ஒரே ஆளுக்கு ஐம்பது இடங்களில் ஐம்பது துளிப் பங்குகள், ஒரே நிலத்துக்கு ஐநூறு சொந்தக்காரர்கள் என்ற நிலை வந்தது. நம் ஊரில் கூட்டுப்பட்டாவில் எட்டுப் பேர் இருந்தாலே பாகப்பிரிவினை எந்த நீதிமன்றத்தில் போய் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1860-இல், நாட்டின் இரு பெரிய தீவுகளில் ஒன்றான வடதீவின் பெரும்பகுதி மாவோரிகளிடம் இருந்தது. 1939-இல் எஞ்சியது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த எஞ்சிய நிலத்திலும் பயிர் செய்ய இயலாதபடி பத்திரமே முட்டுக்கட்டையாக நின்றது. அறக்கட்டளை என்பது மாவோரிகளின் தொன்மையான அமைப்பு என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. நீதிமன்றம் துண்டாடியதை ஒட்டவைக்க அதே நீதிமன்றத்தின் வழியாகவே பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட கருவி அது.

அம்பத்தூர் வாசகர்: அந்த நிலங்களில் பண்ணை மேம்பாடு யாரால் தொடங்கப்பட்டது? அரசு பணம் கொடுத்ததா?

கொடுத்தது, ஆனால் தாமதமாக, அதுவும் ஒரு மனிதரின் பிடிவாதத்தால். நியூசிலாந்தின் 50 டாலர் நோட்டில் படம் உள்ள சர் அபிரானா ஙாட்டா அவர். 1874-இல் வடதீவின் கிழக்குக் கரையில், ஙாட்டி போரோ குலத்தில் பிறந்தார்; நியூசிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்த முதல் மாவோரி; வழக்கறிஞர்; 1905 முதல் 1943 வரை நாடாளுமன்ற உறுப்பினர். சட்டம் படித்தவர் என்பதால், நிலம் இருந்தும் தம் மக்கள் வறியவர்களாக இருப்பதற்குக் காரணம் சோம்பல் அன்று, பத்திரமே என்பதைத் தெளிவாகக் கண்டார். குடியேறிய வெள்ளையர் ஒருவர் அரசின் கடன் திட்டத்தில் பணம் வாங்கிக் காட்டை வெட்டி, புல் விதைத்து, மாடு வாங்க முடிந்தது. மாவோரிக்கு அது கிடைக்கவில்லை, ஏனெனில் ஐநூறு பேர் பெயரில் உள்ள நிலத்தை எந்த வங்கியும் அடமானமாக ஏற்காது.

ஙாட்டா முதலில் முயன்றது சிதறிய பங்குகளை மாற்றிக்கொடுத்து ஒரே இடத்தில் சேர்க்கும் வேலை. கணக்கில் சரியாக வந்தாலும் களத்தில் அது ஆமை வேகத்தில் நகர்ந்தது. 1928 இறுதியில் பூர்வகுடி விவகார அமைச்சரானதும் வேறு வழி எடுத்தார். 1929-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மாவோரி நிலத்தில் அரசு நேரடியாகப் பணம் போட்டு மேம்படுத்த அனுமதித்தது. பத்திரச் சிக்கல் தீரும்வரை காத்திராமல் நிலத்தை முதலில் பண்ணையாக்கிவிடலாம் என்பதே அதன் உட்பொருள். ரொட்டொருவாவுக்கு அருகிலுள்ள ஹோரோஹோரோ, தொடக்ககாலத் திட்டங்களில் ஒன்று. உலகப் பொருளாதார மந்தக் காலம் அது. வேலையற்றோர் நிவாரணப் பணமும் இதற்குள் வந்தது. வேலி, விதை, உரம், மாடு எல்லாம் அரசு வாங்கித் தந்தது. செலவு முழுவதும் நிலத்தின் மீது கடனாக எழுதப்பட்டது. பால் பணத்தில் ஒரு பகுதி கைக்கு வருமுன்பே கடனுக்குப் பிடிக்கப்பட்டது. வைக்காட்டோவில் டே புயா ஹேராங்கி என்ற பெருந்தலைவி, பறிமுதலில் எல்லாம் இழந்த தம் மக்களை அழைத்துக்கொண்டு, தாமும் அவர்களோடு சேர்ந்து இந்தப் பண்ணைகளை எழுப்பினார்.

இதற்கு ஒரு விலை இருந்தது. திட்டத்துக்குள் வந்த நிலத்தில் உரிமையாளர்கள் தலையிடக் கூடாது என்று சட்டமே தடுத்தது. நிலம் உங்களுடையது, கடனும் உங்களுடையது, முடிவு மட்டும் அலுவலகத்துடையது என்றாயிற்று. 1934-இல் ஒரு விசாரணை ஆணையம் துறையின் கணக்கு வழக்குகளில் ஒழுங்கீனங்கள் உண்டு என்று கண்டித்தது. ஙாட்டா பதவி விலகினார். அதன் பிறகு குலத் தலைவர்களின் பங்கு குறைந்து அதிகாரிகளின் பிடி இறுகியது. ஙாட்டா மீது குறை சொல்ல இடம் உண்டு; ஆனால் அவர் காத்திருந்திருந்தால் அந்தத் தலைமுறையில் ஒரு வேலிக்கம்பும் நட்டிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1933-இல் அவரும் தலைமை ஆளுநர் பிளெடிஸ்லோ பிரபுவும் சேர்ந்து நிறுவிய அஹுஃபெனுவா கோப்பை, சிறந்த மாவோரிப் பண்ணைக்கு இன்றும் வழங்கப்படுகிறது. அப்போது தனி விவசாயிகள் பெற்றார்கள், இப்போது பெரும்பாலும் அறக்கட்டளைகளே களத்தில் நிற்கின்றன.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் பத்திரத்துக்கு அடுத்த தடை அதுதான். வடதீவின் நடுப்பகுதி எரிமலை கக்கிய நுரைக்கல் மேடு. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் டௌபோ எரிமலை வெடித்தபோது படிந்த அடுக்கு அது. மாவோரிகளிடம் எஞ்சிய பெரிய நிலப்பரப்புகளில் பல அங்கே இருப்பது தற்செயல் அன்று. அந்த மேட்டில் புல் தழைத்து நிற்கும், அதை மேயும் ஆடும் மாடும் இளைத்து, இரத்தசோகை கண்டு, வயிறு நிறைந்திருக்கவே செத்துப்போகும். குடியேறியவர்கள் இதைக் ‘காட்டு நோய்’ என்றார்கள், நிலத்தை விரும்பவில்லை. வேதியியலாளர் ஆஸ்டன் இரும்புச் சத்துக் குறைவே காரணம் என்று கருதினார்; இரும்புத்தாது கலந்து கொடுத்தபோது சில கால்நடைகள் தேறவும் தேறின. உண்மையில் அவற்றைக் காப்பாற்றியது அந்தத் தாதுவில் மாசாகக் கலந்திருந்த கோபால்ட். 1930களின் நடுவில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகள் இதை நிறுவின. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் பி12 உயிர்ச்சத்தை உண்டாக்கக் கோபால்ட் வேண்டும். அது இந்த மண்ணில் போதிய அளவு இல்லை. ஏக்கருக்குச் சில அவுன்ஸ் கோபால்ட் உப்பை சூப்பர் பாஸ்பேட் உரத்தில் கலந்து தூவினால் போதும் என்று தெரிந்தபின், ஒருவரும் வேண்டாத மேடு மேய்ச்சல் நிலமாயிற்று. 1940களின் இறுதியில் விமானத்திலிருந்து உரம் தூவும் முறை வந்ததும் செங்குத்தான குன்றுகளும் பச்சையாயின. அந்த பாஸ்பேட்டில் பெரும்பங்கு நவுரு என்ற சிறு தீவைத் தோண்டி எடுத்தது. அந்தத் தீவின் கதை இன்னொரு இதழுக்கு.

தாம்பரம் வாசகர்: நம் பஞ்சமி நிலத்துக்கும் இதற்கும் ஒற்றுமை உண்டா?

ஓர் ஒற்றுமை உண்டு, வேற்றுமைகள் பெரியவை. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. உங்கள் தாம்பரமும் அந்தப் பழைய மாவட்டத்தைச் சேர்ந்ததே. குறிப்பிட்ட காலம்வரை விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்கு வெளியே விற்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. மாவோரி நிலத்திலும் விற்பனைக்குக் கடிவாளம் இருக்கிறது: அறக்கட்டளை நிலத்தை விற்க, பங்குகளில் நான்கில் மூன்று பங்குக்கு உரியவர்கள் சம்மதிக்க வேண்டும், அப்போதும் உறவினருக்கும் குலத்தாருக்கும் முதலில் கேட்டாக வேண்டும், நீதிமன்றமும் உறுதிசெய்ய வேண்டும்.

ஆனால் பஞ்சமி நிலம் நிலமற்றவர்களுக்கு அரசு தனித்தனியாக அளித்தது. மாவோரி நிலமோ எல்லாம் பறிபோனபின் கையில் தங்கியது. அதைவிட முக்கியமாக, மாவோரி நிலத்துக்கென்றே ஒரு நீதிமன்றமும், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எவரும் இணையத்தில் பார்க்கக்கூடிய பதிவேடும் இருக்கின்றன. நிபந்தனையை எழுதிவைப்பது எளிது. மீறப்பட்டால் தடுத்து நிறுத்த ஒரு தனி அமைப்பு இருக்கிறதா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. நம்மிடம் கைமாறிப்போன பஞ்சமி நிலங்களைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டைக் கருத வேண்டும்.

அங்கும் கடிவாளம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1953-ஆம் ஆண்டின் சட்டம் ஒரு பக்கம் அறக்கட்டளைகளை அமைக்க வழி தந்தது; மறுபக்கம் 25 பவுண்டுக்குக் குறைந்த பங்குகளைச் ‘பொருளாதாரப் பயனற்றவை’ என்று கட்டாயமாக எடுத்துக்கொள்ள அரசின் மாவோரி அறங்காவலருக்கு அதிகாரம் கொடுத்தது. 1967 திருத்தம், நான்கு பேர் அல்லது அதற்கும் குறைவானவர்கள் வைத்திருந்த நிலத்தைச் சாதாரண நிலமாக மாற்றியது. இதற்கு எதிரான கொதிப்பே 1975 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஃபீனா கூப்பர் என்ற மூதாட்டியின் தலைமையில் வடகோடியிலிருந்து வெலிங்டன் நாடாளுமன்றம்வரை நடந்த நடைப்பயணம். இனி ஓர் ஏக்கரும் போகக் கூடாது என்பதே அதன் முழக்கம். நிலத்தைத் தக்கவைப்பதே முதல் நோக்கம் என்று 1993 சட்டம் எழுதப்பட்டதற்கு அந்த நடையும் ஒரு காரணம்.

வேளச்சேரி கல்லூரி மாணவி: பொதுவாகச் சொல்லாமல் ஓர் அறக்கட்டளையின் கதையைச் சொல்ல முடியுமா?

இரண்டு சொல்கிறேன், இரண்டும் அந்தப் பால் தொழிற்சாலையில் வந்து சேர்கின்றன.

டௌபோ ஏரிக்கு வடமேற்கே மோகாய் என்ற இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மரக் கம்பெனி புட்டாருரு என்ற ஊரிலிருந்து இங்கே ரயில் பாதை போட்டு, டோட்டரா மரங்களை அறுத்துக் கொண்டுபோயிற்று. மரம் தீர்ந்தபின் அந்த ஊரின் ஆரவாரமும் தீர்ந்தது. 1952-இல் அந்தப் பகுதியின் குலக்கிளைகள் தங்கள் துண்டு நிலங்களை ஒன்றாக இணைத்தன. டுவாரோபாகி அறக்கட்டளையின் வேர் அது. அரசின் மேற்பார்வையில் புதர் வெட்டி ஆடு மாடுகளுக்கான மேய்ச்சல் நிலமாக்கும் வேலை நடந்தது. பின்னர் நிர்வாகம் உரிமையாளர்களின் கைக்கு வந்தது.

கம்பளியும் இறைச்சியும் மட்டுமே வருமானமாக இருந்திருந்தால் இவர்கள் கதையை நாம் சென்னையில் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். நிலத்துக்கு அடியில் கொதிநீர் இருந்தது. ஆழ்துளைக் கிணறுகள் வழியாக அதன் நீராவியை எடுத்து மின்சாரம் தயாரிக்கும் நிலையம் 2000-இல் இயங்கத் தொடங்கியது. மின் நிறுவனம் ஒன்றைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாலும் பெரும்பங்கை அறக்கட்டளை தன்னிடமே வைத்துக்கொண்டது. இது முக்கியமான முடிவு. வாடகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவும் முடிந்திருக்கும். முதல் போட்டுக் கடன் வாங்கி உரிமையாளராகவே நிற்கத் துணிந்தார்கள். பிறகு அதே சூட்டில் கண்ணாடிக் கூடங்களில் தக்காளியும் குடைமிளகாயும் வளர்த்தார்கள். 2011-இல் வேறு சில மாவோரி அறக்கட்டளைகளுடனும் இன்கார்ப்பரேஷன்களுடனும் சேர்ந்து ‘மிராக்கா’ பால் தொழிற்சாலையைத் திறந்தார்கள். வியட்நாமின் வினாமில்க் நிறுவனமும் அதில் பங்கு வாங்கியது. பாலைப் பவுடராக்க மிகுந்த வெப்பம் வேண்டும். பிற ஆலைகள் பலவற்றில் நிலக்கரியோ எரிவாயுவோ எரியும். இங்கே பூமியின் நீராவி அந்த வேலையைச் செய்கிறது.

மிராக்காவின் இன்னொரு பங்குதாரரின் கதை அவ்வளவு இனிமையானதன்று. வைரராப்பா ஏரி வடதீவின் தென்கோடியில், வெலிங்டனுக்கு அருகே இருக்கிறது. அங்கே மாவோரிகளுக்கு விலாங்கு மீன் பிடிப்பதே வாழ்வு. ஏரியின் வாய் மணலால் அடைபட்டு நீர் பெருகும் பருவமே அவர்களுக்கு அறுவடை. அதே வெள்ளம் குடியேறியவர்களின் மேய்ச்சல் நிலத்தை மூழ்கடித்ததால் வாயை வெட்டித் திறக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் சண்டை. 1896-இல் ஏரியை அரசிடம் ஒப்படைத்தார்கள். பதிலாக ஏரியருகே நிலம் தருவதாக வாக்கு. இருபது ஆண்டுகள் இழுத்தடித்துவிட்டு அரசு கொடுத்தது பல நூறு கிலோமீட்டர் வடக்கே, நுரைக்கல் மேட்டில், போவாகானி என்ற பகுதியில் சுமார் 30,000 ஏக்கர்; அதற்குப் போகச் சாலையும் இல்லை. அந்த நிலத்தின் பூர்வ குலத்தார் வேறு; அவர்களுக்கும் அதில் நியாயமான குறை உண்டு. 1940களின் இறுதியில் மராயெடாய் நீர்மின் நிலையத்துக்காக ஒரு பகுதியை அரசு மீண்டும் எடுத்துக்கொண்டது. எஞ்சியது மேம்பாட்டுத் திட்டத்தில் பால் பண்ணைகளாகி, வைரராப்பா மோவானா இன்கார்ப்பரேஷனின் சொத்தாயிற்று. ஏரியைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் பாட்டனார் கண்டிராத மண்ணில் பெரிய பால் உற்பத்தியாளர்களாக இருக்கிறார்கள். இதை வெற்றிக் கதை என்று மட்டும் எழுதுகிறவர்கள் ஏரியை மறந்துவிடுகிறார்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்: குத்தகைக்குப் போன நிலம் திரும்ப வந்ததுண்டா? நம் ஊர்க் கோயில் நிலங்களின் கதி தெரிந்துதான் கேட்கிறேன்.

தாரானாக்கியைப் பாருங்கள். மேற்குக் கரையின் இந்தப் பகுதியும் 1860களில் பறிமுதலானது. 1880களில் அதில் ஒரு பகுதியை மாவோரிகளுக்கென ஒதுக்கி, அதை நிர்வகிக்கும் பொறுப்பை அரசின் பொது அறங்காவலரிடம் கொடுத்தார்கள். அவர் குடியேறியவர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். 1892 சட்டத்துக்குப் பின் அவை முடிவற்ற குத்தகைகள்: 21 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் உரிமை குத்தகைதாரருக்கு என்றென்றைக்கும் உண்டு, வாடகையும் அந்த 21 ஆண்டுக்கு மாறாது. விலைவாசி ஏறிய காலங்களில் அந்த வாடகை எந்த அளவுக்குச் சுருங்கியிருக்கும் என்று கோயில் நிலம் அறிந்த உங்களுக்கு விளங்கும்.

1976-இல் இந்த நிலங்களின் உரிமையாளர்கள் பரினினிஹி கி வைட்டோட்டாரா இன்கார்ப்பரேஷனாகச் சேர்ந்தார்கள். 1997-ஆம் ஆண்டின் திருத்தம் சந்தை வாடகையை நோக்கி நகர்த்தியது. மறுமதிப்பீடு 7 ஆண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று. குத்தகை உரிமை விற்பனைக்கு வந்தால் நில உரிமையாளருக்கே முதல் வாய்ப்பு என்றும் ஆயிற்று. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: வருகிறது, ஆனால் தங்கள் சொந்த நிலத்தின் குத்தகையைத் தாங்களே காசு கொடுத்து வாங்கித்தான். அப்படி மீட்ட நிலத்தில் அவர்கள் இப்போது பால் பண்ணை நடத்துகிறார்கள்.

அண்ணாநகர் வாசகர்: இத்தனை ஆயிரம் பேருக்கும் லாபத்தில் பங்கு கிடைக்கிறதா? கிடைத்தால் எவ்வளவு?

பெரும்பாலோருக்குச் சொற்பமே. பங்கு பெரியதாக இருந்து பண்ணையும் செழித்தால் குறிப்பிடத்தக்க தொகை வரும். நூற்றில் ஒன்றின் ஒரு கீற்றை வைத்திருப்பவருக்கு வரும் தொகை தபால் செலவைத் தாண்டாது. பல அறக்கட்டளைகள் அதனால் லாபத்தில் ஒரு பகுதியைக் கல்வி உதவித்தொகைக்கும், குலத்தின் பொதுக்கூடமான மராயேக்கும், இறப்புச் சடங்குச் செலவுக்கும் ஒதுக்குகின்றன. முகவரி தெரியாத உரிமையாளர்கள், வாரிசுப் பதிவு செய்யாமல் இறந்துபோனவர்களின் பங்குகள் இவை பெரிய தலைவலி. எளிய வாரிசு வழக்குகளை நீதிபதி முன் போகாமல் பதிவாளரே முடிக்கலாம் என்று 2020-இல் சட்டத்தைத் திருத்த வேண்டிவந்தது அதனால்தான்.

இந்த அமைப்பின் பலவீனம் என்று நான் கருதுவது பணம் குறைவு என்பது அன்று. அறங்காவலர் ஏழெட்டுப் பேரும் ஆலோசகர்களும் முடிவெடுக்க, மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூட்டத்துக்கு வந்து அறிக்கை கேட்டுப் போகிறவர்களாகிவிடும் அபாயம் இருக்கிறது. தம் நிலத்தில் ஒரு வீடு கட்டிக் குடியிருக்க விரும்பும் உரிமையாளருக்கு அனுமதி கிடைப்பதும் கடன் கிடைப்பதும் கடினம்; விற்க முடியாத நிலத்தை அடமானம் பிடிக்க வங்கிக்கு இன்றும் தயக்கம். ஙாட்டா 1929-இல் எதிர்கொண்ட அதே சுவர்தான். நிலத்தைக் காக்கும் சட்டமே அதைப் பாதியளவு கட்டியிருக்கிறது.

அடையாறு வாசகர்: வெளியாள் ஒருவர் பங்கு வாங்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பங்கு கைமாறுவது உறவுக்குள்ளும் குலத்துக்குள்ளும்தான். அறக்கட்டளை நடத்தும் வணிகங்களில் கூட்டாளியாகலாம். நிலத்தில் ஆக முடியாது.

பெருங்குடி வாசகர்: பால் பண்ணைகளால் அங்கே ஏரிகள் மாசடைகின்றன என்று படித்தேன். சதுப்பு நிலத்தின் அருகே வசிப்பவன் என்பதால் கேட்கிறேன்: இந்த அறக்கட்டளைகளும் அதற்குக் காரணமா?

காரணம்தான், ஆனால் பொறுப்பைப் பங்கிட்ட விதத்தில் அவர்களுக்கு அநீதி நடந்தது. மாட்டு மூத்திரத்தில் உள்ள நைட்ரஜன் நுரைக்கல் மண்ணில் வேகமாகக் கீழிறங்கி, நிலத்தடி நீரோடு பல பத்தாண்டுகள் கழித்து ஏரிக்கு வந்து சேர்கிறது. டௌபோ ஏரியின் தெளிவு குறையத் தொடங்கியதும், ஒவ்வொரு பண்ணையும் கசியவிடலாம் என்ற நைட்ரஜனுக்கு வைக்காட்டோ வட்டார மன்றம் உச்சவரம்பு விதித்தது. நீண்ட வழக்குகளுக்குப் பின் 2011-இல் அது நடைமுறையாயிற்று. மனிதச் செயல்களால் ஏரிக்கு வரும் நைட்ரஜனை 20 சதவீதம் குறைக்க, பொதுப் பணத்தில் 80 மில்லியன் டாலருக்கு மேல் ஒதுக்கி, விவசாயிகளிடமிருந்து கசிவு உரிமையை விலைக்கு வாங்கவும் செய்தார்கள்.

உச்சவரம்பை எதை வைத்து நிர்ணயித்தார்கள் என்பதில்தான் சிக்கல். 2001 முதல் 2005 வரை ஒரு பண்ணை எவ்வளவு கசியவிட்டதோ அதுவே அதன் உரிமை. முன்னமே அடர்த்தியாக மாடு வளர்த்தவருக்கு அதிக உரிமை கிடைத்தது. பத்திரச் சிக்கலாலும் கடன் கிடைக்காமையாலும் நிலத்தைப் புதராகவோ காடாகவோ விட்டுவைத்திருந்த மாவோரி உரிமையாளருக்கு மிகக் குறைந்த உரிமையே கிடைத்தது. அந்த ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலுள்ள தனியார் நிலத்தில் பெரும்பகுதி அவர்களுடையது. ஏரியின் அடித்தளமே டூஃபாரெடோவா குலத்தின் சொத்து. அவர்கள் ஏரியைக் காக்க வேண்டும் என்பதை எதிர்க்கவில்லை. 1960களின் இறுதியிலேயே ஏரியோரத் துண்டு நிலங்கள் பலவற்றை ஒன்றாக்கிக் காடு வளர்க்க அரசுக்குக் குத்தகைக்கு விட்டதன் நோக்கங்களில் ஒன்று, மண் அரித்து ஏரிக்குள் போகாமல் தடுப்பது. அதே காட்டைக் காரணம் காட்டி எதிர்காலப் பண்ணை உரிமையைக் குறைத்தபோது அவர்களுக்குக் கசந்தது.

இப்போது சிலர் வேறு வழி பார்க்கிறார்கள். செம்மறி ஆடு ஒரு தடவையில் பெய்யும் நைட்ரஜன் மாட்டைவிடக் குறைவு என்பதால், ஏரியின் மேற்குப் பக்கத்தில் ஒரு மாவோரி அறக்கட்டளை கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஆட்டுப்பால் பண்ணையில் இறங்கியது. கறக்கும் அளவு குறைவு, விலை அதிகம்; சந்தை பெரும்பாலும் ஆசியாவில் குழந்தை உணவு வாங்குகிறவர்களை நம்பியிருக்கிறது. உங்கள் பெருங்குடிக் கேள்வியின் மறுபாதி, அதாவது சதுப்பு நிலத்தில் சேரும் நைட்ரஜனைப் பற்றியது, தனியாகப் பதில் சொல்ல வேண்டியது. அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.